சிலிண்டர் நிறுத்தம் கெடாமல் டிரக் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) டிரக்கில் கேம், அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், மாற்றப் போவதாக யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், “அந்த ஏஎஃப்எம்மைக் கழற்றி எறிந்துவிடு” என்பதுதான். ஏஎஃப்எம் (ஆக்டிவ் ஃபியூவல் மேனேஜ்மென்ட்) என்பது சுமை குறைந்த நேரத்தில் எட்டு சிலிண்டரில் நான்கை நிறுத்திவிட்டு ஓட்டும் ஏற்பாடு. அவர்கள் சும்மா சொல்லவில்லை. அதன் லிஃப்டர்கள், அதாவது கேமின் அசைவை வால்வு பக்கம் கொண்டுபோகும் பாகங்கள், பலரைப் பாடாய்ப் படுத்தியிருக்கின்றன. ஆனால் வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடுகிறது, மாசுச் சோதனைக்குப் போக வேண்டும், எரிபொருள் செலவும் கூடக் கூடாது என்றால் நான்கு சிலிண்டர் ஓட்டத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். கொஞ்சம் பெரிய கேமையும் போட்டுக்கொண்டு சிலிண்டர் நிறுத்தத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேம் பட்டியலைத் திறக்கும் முன் லிஃப்டரின் வரம்பு என்ன என்று பார்த்துவிட வேண்டும். இந்த வேலையில் எல்லா அளவும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இங்கே சொல்வது இரண்டு தலைமுறை வி8 இன்ஜின்களுக்குப் பொருந்தும். ஒன்று, 2007 முதல் 2013 வரை சில்வராடோ, சியரா, டாஹோ வகையறாவில் வந்த நான்காம் தலைமுறை 5.3, 6.0, 6.2 லிட்டர் இன்ஜின்களில் ஏஎஃப்எம் உள்ளவை. இன்னொன்று, 2014-ல் வந்த ஐந்தாம் தலைமுறையின் எல்83, எல்86. 2019 மாடல் முதல் எல்84, எல்87 இன்ஜின்களில் வந்த டிஎஃப்எம் (டைனமிக் ஃபியூவல் மேனேஜ்மென்ட்) வேறு ஏற்பாடு. அதில் 16 லிஃப்டர்களுமே நிறுத்தக்கூடியவை, கம்ப்யூட்டர் 17 விதமான சிலிண்டர் வரிசைகளில் மாறி மாறி ஓட்டும். அதற்கென்றே தயாரித்த கேம் தவிர வேறெதையும் அதில் முயலாதீர்கள்.

உள்ளே நடப்பது என்ன

ஏஎஃப்எம் நிறுத்துவது 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களை. எரியும் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒன்றுவிட்டு ஒன்று நிற்பதால் மீதி நான்கும் சம இடைவெளியில் எரிகின்றன. அந்த நான்கு சிலிண்டருக்கு மட்டும் இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று என்று எட்டுச் சிறப்பு லிஃப்டர்கள் உண்டு. மற்ற எட்டும் சாதாரண ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர்கள்.

சிறப்பு லிஃப்டர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உடல்கள் கொண்டது. சாதாரண நேரத்தில் இரண்டையும் சிறு பூட்டுப் பின்கள் சேர்த்துப் பிடித்திருக்கும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கின் பள்ளத்தாக்கை மூடியிருக்கும் எண்ணெய் மேனிஃபோல்டில், அதாவது விஎல்ஓஎம்மில், நான்கு சோலனாய்டுகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் ஒரு சோலனாய்டைத் திறந்ததும் எண்ணெய் அழுத்தம் பின்களை உள்ளே தள்ளும். அதன்பின் கேம் லோப், அதாவது கேமில் உள்ள முட்டை வடிவப் புடைப்பு, வெளி உடலை மட்டும் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கும். உள் உடலும், அதன்மேல் நிற்கும் தடியான புஷ்ராடும் அசையாது, வால்வும் மூடியே இருக்கும். ரோலர் லோப்பை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்வது லிஃப்டரில் உள்ள தனி ஸ்பிரிங். வால்வு ஸ்பிரிங்குக்கு அப்போது அதில் வேலையே இல்லை.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால், பின்னால் வரும் பாதி எச்சரிக்கைகளை நீங்களே யூகித்துவிடலாம்.

கேம் தேர்வு: பார்க்க வேண்டியது லோப் லிஃப்ட்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் உயரம். லிஃப்டருக்கோ லோப் லிஃப்ட் மட்டும்தான் தெரியும். நிறுத்த நிலையில் லோப்பின் முழு உயரத்தையும் லிஃப்டர் தனக்குள்ளேயே விழுங்க வேண்டும். அதன் பயண வரம்பைவிட லோப் உயரமாக இருந்தால், வெளி உடல் அடியில் போய் இடிக்கும். வால்வு திறக்கக் கூடாத நேரத்தில் கொஞ்சம் திறக்கும், ஒவ்வொரு சுற்றிலும் அடி விழும், லிஃப்டர் நாசமாகிவிடும்.

கணக்கு எளிது. புஷ்ராடின் அசைவைப் பெருக்கி வால்வுக்குக் கொடுப்பது ராக்கர்; நான்காம் தலைமுறையில் ராக்கர் விகிதம் 1.7, ஐந்தாம் தலைமுறையில் 1.8. லோப் லிஃப்ட் 0.300 அங்குலம் என்றால் முதலாவதில் வால்வு 0.510 அங்குலம் திறக்கும், இரண்டாவதில் 0.540. லிஃப்டர் செய்யும் பயணம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே, “என் நண்பன் 0.540 போட்டு ஓட்டுகிறான்” என்ற பேச்சை நம்பி நான்காம் தலைமுறை இன்ஜினுக்குக் கேம் வாங்காதீர்கள். அங்கே 0.540-க்கு லோப் லிஃப்ட் கிட்டத்தட்ட 0.318 வேண்டும். நீங்கள் வாங்கப்போகும் லிஃப்டரின் தயாரிப்பாளர் கொடுக்கும் அதிகபட்ச லோப் லிஃப்டை எழுதி வைத்துக்கொண்டு, அதற்குக் கீழேயே நில்லுங்கள்.

அடுத்தது, ஏஎஃப்எம்முக்கென்றே வெட்டிய கேமா என்பது. இந்த இன்ஜின்களின் ஒரிஜினல் கேமில் 1, 4, 6, 7 சிலிண்டர்களின் லோப்கள் மற்றவற்றிலிருந்து சற்றே மாறுபட்டவை. பூட்டுப் பின் உள்ள லிஃப்டரில் சிறு இடைவெளி இருக்கும், அதை ஈடுகட்டத்தான் அப்படி. எல்லா லோப்பும் ஒன்றேபோல் உள்ள சாதாரண கேமை இங்கே போட்டால் இன்ஜின் ஓடத்தான் செய்யும், ஆனால் அந்த நான்கு சிலிண்டர்களும் மற்ற நான்கும் ஒத்துப்போகாது, வால்வு இருக்கையில் உட்காரும் சத்தமும் கூடும். கேம் அட்டையில் “ஏஎஃப்எம் லிஃப்டருக்கு ஏற்றது” என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளரைக் கேளுங்கள்.

மூன்றாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. கேம் பெரிதாகும்போது முறுக்குவிசை மேல் ஆர்பிஎம்முக்கு நகரும், ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம்) கூடும், ஐடிலில் வெற்றிடம் குறையும். நான்கு சிலிண்டர் ஓட்டமோ முழுக்க முழுக்கக் கீழ் ஆர்பிஎம் முறுக்குவிசையை நம்பி இருக்கிறது. அது குறைந்தால் கம்ப்யூட்டர் சிறு ஏற்றத்துக்குக்கூட எட்டு சிலிண்டருக்குத் திரும்பிவிடும். ஏஎஃப்எம் பழுதாகவில்லை, ஆனால் அதற்கு வேலை செய்ய வாய்ப்பே வராது. கேம் மாற்றிய பிறகு “டிஸ்ப்ளேயில் வி4 (நான்கு சிலிண்டர் ஓட்டம்) காட்டவே மாட்டேன் என்கிறது” என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். 0.050 அங்குல லிஃப்டில் அளந்த இன்டேக் டூரேஷன், அதாவது வால்வைத் திறந்து வைக்கும் கோணம், 200 டிகிரிகளின் தொடக்கத்திலிருந்து 210-களின் தொடக்கம் வரை, லோப் பிரிவு (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப் உச்சிகளுக்கு இடையிலான கோணம்) 112 முதல் 116 டிகிரி. டிரக்குக்கு நான் இதற்கு மேல் போகச் சொல்ல மாட்டேன். டம் டம் என்று துள்ளும் ஐடில் சத்தம்தான் வேண்டும் என்றால் ஏஎஃப்எம்மை மறந்துவிடுங்கள். இரண்டும் ஒரே இன்ஜினில் ஒத்து வராது.

கலிபோர்னியாவில் பதிவான வண்டி என்றால், கேமுக்குக் கார்ப் (அந்த மாநிலத்தின் காற்று வள வாரியம்) தரும் விலக்கு ஆணை எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கூடவே வாங்க வேண்டியவை

*லிஃப்டர்கள்.* பதினாறும் புதிது. பழைய ஏஎஃப்எம் லிஃப்டர் மேல் புது கேம் போடுவதைப் போன்ற வீண் சிக்கனம் வேறில்லை. ரோலர் ஒன்று தேய்ந்திருந்தால் புது லோப்பை அரைத்து, இரும்புத் தூளை இன்ஜின் முழுக்கப் பரப்பிவிடும். லிஃப்டர் கைடுகள் நான்கையும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் சமாச்சாரம், சூட்டில் கெட்டிப்பட்டிருக்கும்.

*விஎல்ஓஎம்.* அதிகம் ஓடிய வண்டியா, முன்பு ஒரு லிஃப்டர் உடைந்த வண்டியா, புதிதாகவே வாங்கிவிடுங்கள். அதன் நுண்ணிய வழிகளில் சிக்கிய தூளை முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. கேஸ்கெட் எப்படியும் புதிது. சிறப்பு லிஃப்டர்களுக்குப் போகும் எண்ணெய் கசியாமல் அடைப்பது அதுதான்.

*வால்வு ஸ்பிரிங்.* கேம் தயாரிப்பாளர் சொல்வதையே போடுங்கள். கடினமான ஸ்பிரிங் என்றால் பாதுகாப்பு என்று நினைத்துக் கூடுதல் அழுத்தம் உள்ளதைப் போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சுமை முழுவதும் பூட்டுப் பின்களின் மேல்தான் போய் உட்காரும். லிஃப்டருக்கு ஸ்பிரிங் அழுத்த வரம்பு கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள்.

*புஷ்ராட்.* இப்போதே ஆர்டர் போடாதீர்கள். நீளம் அளந்த பிறகுதான் தெரியும். புது கேமின் அடிவட்டம், அதாவது லோப்பில் புடைப்பு இல்லாத வட்டப் பகுதி, ஒரிஜினலைவிடச் சிறிதாக இருந்தால் நீளம் மாறும்.

*மற்றவை.* டைமிங் செயின், டென்ஷனர், ஹெட் கேஸ்கெட், புது ஹெட் போல்டுகள், பேலன்சர் (கிராங்கின் முன்முனையில் உள்ள சக்கரம்) போல்டு, முன் கவர் சீல்கள், எண்ணெய் பம்ப். பம்ப் வாங்கும்போது ஏஎஃப்எம் உள்ள இன்ஜினுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்தாம் தலைமுறையில் இருப்பது தேவைக்கேற்ப அளவு மாறும் பம்ப், அதில் கைவைக்க வேண்டிய அவசியம் அபூர்வம். அதே தலைமுறையில் நேரடி இன்ஜெக்ஷன் உண்டு என்பதால், உயரழுத்த எரிபொருள் குழாயையும் புதிதாக வாங்குங்கள். கழற்றிய குழாயைத் திரும்பப் போடக் கூடாது.

கழற்றுதல்

பேட்டரி இணைப்பை எடுங்கள். கூலன்டையும் எண்ணெயையும் வடியுங்கள். வடிந்த எண்ணெயை வெளிச்சத்தில் பாருங்கள், ஃபில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். பளபளவென்று துகள் தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

ஐந்தாம் தலைமுறையில் எரிபொருள் அழுத்தத்தை இறக்காமல் எந்த நட்டையும் தொடாதீர்கள். அந்தக் குழாயில் 15 மெகாபாஸ்கல் வரை, அதாவது 2,000 பிஎஸ்ஐக்கு மேல், அழுத்தம் இருக்கும். கையில் பட்டால் தோலைத் துளைத்துப் போகும். உயரழுத்த பம்ப் கேமின் பின்பக்கம் உள்ள மூன்று முனை லோப்பால் இயங்குகிறது. பம்ப்பின் தடி தாழ்ந்த இடத்தில் நிற்கும்படி இன்ஜினைத் திருப்பிவிட்டுக் கழற்றுங்கள். அதன் லிஃப்டரையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கேம் வெளியே வராது.

பிறகு ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், பேலன்சர், இன்டேக், வால்வு கவர்கள், ராக்கர்கள், புஷ்ராட்கள். ஏஎஃப்எம் இல்லாத பழைய இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலேயே கேம் மாற்றும் வித்தை பிரபலம். இங்கே அது கதைக்கு ஆகாது. லிஃப்டர் மாற்ற ஹெட் வந்தே ஆக வேண்டும், லிஃப்டரை மாற்றாமல் இந்த வேலையைச் செய்வதில் அர்த்தமும் இல்லை.

விஎல்ஓஎம்மைத் தூக்கும்போது சுற்றிலும் அழுக்கு இல்லாமல் துடைத்துவிட்டுத் தூக்குங்கள். நான்காம் தலைமுறையில் அதன் பின்பக்கம் எண்ணெய் அழுத்த சென்சார் இருக்கும். அந்தச் சென்சாருக்கு அடியில் விரல் நுனி அளவு ஒரு வலை வடிகட்டி உட்கார்ந்திருக்கும், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் நன்றாக இருந்தாலும் மீட்டர் குறைவாகக் காட்டும், கம்ப்யூட்டரும் ஏஎஃப்எம்மை நிறுத்திவிடும். சிறு இடுக்கியால் பிடித்து எடுத்துப் புதிதைப் போடுங்கள்.

வெளியே வந்த லிஃப்டர்களை வரிசை மாறாமல் அடுக்கிப் பாருங்கள். எந்த ரோலரிலாவது குழி இருக்கிறதா, எந்த லோப்பிலாவது கோடு விழுந்திருக்கிறதா? பழைய கேமை மெதுவாகச் சுழற்றியபடியே வெளியே இழுங்கள். பேரிங்கில் கீறல் விழுந்தால் பிளாக்கையே இறக்க வேண்டி வரும்.

பொருத்துதல்

புது கேமின் லோப்களுக்கு அசெம்பிளி லூப், ஜர்னல்களுக்கு எண்ணெய். உள்ளே விடும்போது அவசரம் வேண்டாம். விடும் முன், முன்பக்கம் ஒற்றை போல்டா, மூன்று போல்டா என்று பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நான்காம் தலைமுறையில் விவிடி, அதாவது ஓடும்போதே வால்வு நேரத்தை மாற்றும் ஏற்பாடு, உள்ளதும் இல்லாததும் கலந்து வந்திருக்கின்றன.

விவிடி உள்ள இன்ஜினில் கேமைச் சற்றே முன்பின் திருப்பும் கேம் பேஸர் இருக்கும். அதைப் பிரிக்காதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு போல்டைத் தளர்த்தாதீர்கள். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் புள்ளி மேலேயும் கேம் ஸ்ப்ராக்கெட்டின் புள்ளி கீழேயும் ஒன்றையொன்று பார்க்கும்படி செயினை மாட்டுங்கள். பேஸரால் கேம் இரு பக்கமும் நகரும் என்பதால், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை அந்த நகர்வின் இரண்டு கடைசி நிலைகளிலும் பார்க்க வேண்டும். இன்டேக்கில் 0.080, எக்ஸாஸ்டில் 0.100 அங்குலம் குறைந்தபட்சம் இருக்கட்டும். போதவில்லையென்றால் பேஸரின் நகர்வைக் குறைக்கும் லிமிட்டர் கிடைக்கிறது. கேம் தயாரிப்பாளர் போடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் போடுங்கள்.

லிஃப்டர் வைப்பதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். ஒரு கைடில் நான்கு லிஃப்டர், அதாவது இரண்டு சிலிண்டர். இடது பக்கம் 1-3, 5-7. வலது பக்கம் 2-4, 6-8. ஆகவே ஒவ்வொரு கைடிலும் இரண்டு ஏஎஃப்எம் லிஃப்டர், இரண்டு சாதாரணம். மாறிப்போனால் நிறுத்தக் கூடாத சிலிண்டருக்குச் சிறப்பு லிஃப்டரும், நிற்க வேண்டியதற்குச் சாதாரணமும் போய்விடும். வைத்து முடித்ததும் டார்ச் அடித்து 1, 4, 6, 7 என்று வாய்விட்டு எண்ணிப் பாருங்கள்.

ஹெட் மாட்டும் முன் போல்டுத் துளைகளைக் காற்றடித்து உலர்த்துங்கள். துளைக்குள் கூலன்டோ எண்ணெயோ தேங்கியிருக்க, மேலே போல்டை முறுக்கினால் பிளாக் விரிசல் விடும். நான்காம் தலைமுறையில் எம்11 போல்டுகளுக்கு முதலில் 22 பவுண்டு-அடி, பிறகு 90 டிகிரி, பிறகு 70 டிகிரி. உள்பக்கச் சிறு எம்8 போல்டுகளுக்கு 22 பவுண்டு-அடி. ஐந்தாம் தலைமுறைக்கு இந்த எண்களை எடுத்துப் போடாதீர்கள், அந்த இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் உள்ளபடி போடுங்கள்.

இப்போது புஷ்ராட் நீளம். நீளம் மாற்றக்கூடிய அளவு புஷ்ராடை வைத்து, லிஃப்டர் லோப்பின் அடிவட்டத்தில் நிற்கும்போது இடைவெளி சுழியாகும் நீளத்தைக் கண்டுபிடியுங்கள். அதோடு லிஃப்டர் தயாரிப்பாளர் சொல்லும் பிரீலோடை, அதாவது லிஃப்டரைச் சற்று அமுக்கி வைக்கும் அளவை, கூட்டுங்கள். ஏஎஃப்எம் லிஃப்டரிலும் சாதாரண லிஃப்டரிலும் தனித்தனியாக அளங்கள், இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் தலைமுறையில் இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும்கூடத் தனியாக அளக்க வேண்டும்.

நான்காம் தலைமுறை ராக்கர் போல்டுகள் 22 பவுண்டு-அடி. முதல் சிலிண்டர் எரியும் மேல்நிலையில் இருக்கும்போது எக்ஸாஸ்டில் 1, 2, 7, 8, இன்டேக்கில் 1, 3, 4, 5 ஆகியவற்றை முறுக்குங்கள். கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பிவிட்டு மீதியை முறுக்குங்கள். விஎல்ஓஎம் போல்டுகள் 18 பவுண்டு-அடி. பேலன்சருக்கு நான்காம் தலைமுறையில் பழைய போல்டைப் போட்டு 240 பவுண்டு-அடி வரை இழுத்து உட்காரவைத்து, அதைக் கழற்றிவிட்டு, புது போல்டை 37 பவுண்டு-அடியும் அதன்மேல் 140 டிகிரியும் முறுக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

புது ஃபில்டர், கையேட்டில் உள்ள அதே தடிமன் எண்ணெய். நான்காம் தலைமுறைக்கு 5டபிள்யூ-30, எல்83, எல்86-க்கு 0டபிள்யூ-20. கேம் பெரிதாகிவிட்டதே என்று தடித்த எண்ணெய் ஊற்ற ஆசைப்படாதீர்கள். பூட்டுப் பின்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் நகர்ந்தாக வேண்டும், எண்ணெய் தடித்தால் அவை தாமதமாகும். அளவு குறைந்து எண்ணெயில் காற்று கலந்தாலும் அதே கதிதான்.

எரிபொருளைத் துண்டித்துவிட்டு, அழுத்தம் ஏறும் வரை விட்டுவிட்டு கிராங்க் செய்யுங்கள். அதன்பின் ஸ்டார்ட். லிஃப்டர்கள் சற்று நேரம் டிக் டிக் என்னும், சூடேற ஏற அடங்க வேண்டும். அடங்காத ஒரே ஒரு சிலிண்டர் இருந்தால், அணைத்துவிட்டு அங்கே வால்வு கவரைத் திறந்து பாருங்கள்.

டியூனிங்

கேம் மாற்றிவிட்டுப் பழைய புரோகிராமிலேயே ஓட்டுவது வேலையைப் பாதியில் விடுவது. முதலில் ஏஎஃப்எம்மை மென்பொருளில் தற்காலிகமாக அணைத்துவிட்டு, எட்டு சிலிண்டர் ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள்: ஐடில் காற்று, எம்ஏஎஃப் (உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார்), விஇ அட்டவணை (சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிரம்பும் என்ற கணக்கு), ஸ்பார்க், விவிடி கோணங்கள். ஐந்தாம் தலைமுறையில் கம்ப்யூட்டர் எதையும் முறுக்குவிசைக் கணக்கில்தான் தீர்மானிக்கிறது என்பதால், அந்த மாடலும் புது கேமுக்குப் பொருந்த வேண்டும். அது தவறாக இருந்தால் வி4-க்குள் எப்போது போகலாம் என்ற முடிவும் தவறாகும்.

எட்டும் சீரானபின் ஏஎஃப்எம்மைத் திரும்ப இயக்குங்கள். இதில் மாற்ற வேண்டியவை உள்ளே போகும், வெளியே வரும் எல்லைகள்: ஆர்பிஎம், கியர், வேகம், முறுக்குவிசை அல்லது வெற்றிடம். புது கேமில் வெற்றிடம் குறைந்திருக்கும். பழைய எல்லையையே விட்டால் ஒன்று வி4 வரவே வராது, இல்லையென்றால் வந்த மறுகணம் போய்விடும். உள்ளே போகும் எல்லைக்கும் வெளியே வரும் எல்லைக்கும் நல்ல இடைவெளி விடுங்கள். நிமிடத்துக்குப் பத்துமுறை மாறிக்கொண்டிருந்தால் லிஃப்டர்தான் தேயும். ஐடிலுக்கு அருகே வி4 வர விடாதீர்கள், குறைந்தபட்ச ஆர்பிஎம்மைச் சற்று உயர்த்தி வையுங்கள். வி4-ல் நடுக்கம் தெரிந்தால் டார்க் கன்வெர்ட்டர் பூட்டை முழுதாகப் பிடிக்காமல் கொஞ்சம் வழுக்க விட்டுப் பாருங்கள். தொழிற்சாலை அமைப்பிலும் நடுக்கத்தை மறைக்க அதைத்தான் செய்கிறார்கள். வேறு சைலன்சர் போட்டிருந்தால் வி4-ல் ஒரு ரீங்காரம் கேட்கும், டியூனிங்கால் அது போகாது.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஸ்கேன் கருவியில் ஏஎஃப்எம் சோலனாய்டுகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். ஒரு சிலிண்டரை நிறுத்தினால் ஐடில் சற்றுத் தள்ளாட வேண்டும், விட்டதும் சட்டென்று சீராக வேண்டும். நிறுத்தியும் மாற்றமே இல்லை என்றால் எண்ணெய் அந்த லிஃப்டருக்குப் போகவில்லை, அல்லது அங்கே சாதாரண லிஃப்டர் உட்கார்ந்திருக்கிறது. விட்ட பிறகும் சிலிண்டர் திரும்பி வரவில்லை என்றால் பின் சிக்கியிருக்கிறது, அப்படியே ஓட்டாதீர்கள்.

பிழைக் குறியீடுகளில் பி3401, பி3425, பி3441, பி3449 ஆகியவை முறையே 1, 4, 6, 7 சிலிண்டர்களின் சோலனாய்டு மின்சுற்றைச் சொல்பவை. முதலில் விஎல்ஓஎம் வயர் கனெக்டரைப் பாருங்கள், மாட்டும்போது சரியாக அமர்ந்திருக்காது. பி0521 வந்தால் எண்ணெய் அழுத்த சென்சாரையும் அந்தச் சிறு வலையையும் பாருங்கள். பி0300 வரிசையில் மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாத) குறியீடு 1, 4, 6, 7-ல் ஒன்றைக் காட்டி, கூடவே டிக் சத்தமும் வந்தால் சந்தேகம் லிஃப்டர் மேல் போகட்டும்.

முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். அதன்பின் வண்டியின் டிஸ்ப்ளே எண்ணெய் ஆயுள் இத்தனை சதவீதம் மீதம் என்று காட்டினாலும், 8,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது என் வழக்கம். இடையிடையே டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். ஏஎஃப்எம் இன்ஜின்களில் எண்ணெய் குடிப்பவை உண்டு.